கீழ்வீட்டு சிகரெட் புகை எங்கள் வீட்டுக்குள் வருகிறது

கேள்வி:
அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கீழ்வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்கு மேல் தம் வீட்டுக்குள்ளேயே புகைபிடிக்கிறார். சில நிமிடங்களில் எங்கள் குளியலறையிலும் அதையொட்டிய படுக்கையறையிலும் அந்த வாடை நிறைந்துவிடுகிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டால் இன்னும் கூடுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அவர் தம் வீட்டில் செய்வதைப் பற்றி நான் எப்படிப் பேசுவது என்ற தயக்கமும் உண்டு. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
கூடுவதற்குக் காரணமே அந்த விசிறிதான். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும்; ஜன்னல்கள் சாத்தியிருப்பதால், குழாய்கள் இறங்கும் துளைகள் வழியாகக் கீழ்வீட்டுக் காற்றையே இழுக்கிறீர்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை, விசிறி ஓடும்போது வாஷ்பேசின் அடியிலும் குழாய்களைச் சுற்றியும் பிடித்துப் பாருங்கள். அது உங்கள் பக்கம் அசையும் இடமே புகையின் வாசல். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கே சிலிக்கோன் அடைப்புப் பசை பூசலாம். அதிகம் பயன்படாத தரைவடிகாலில் தேங்கியிருக்க வேண்டிய நீர் வற்றியிருந்தாலும் குழாய்க் காற்று மேலே ஏறும். ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும்.

மறுமொழி 2:
அடைப்பது நல்லதுதான், ஆனால் அதனால் முழுவதும் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று எதுவுமில்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கையே கூறிவிட்டது. குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் காதுத் தொற்றும் கூடுவதையும் அது குறிப்பிடுகிறது. ஏர் பியூரிஃபையர் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அதிலுள்ள ஹெப்பா (HEPA) எனும் நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும், ஆனால் வாயுக்களையும் வாடையையும் பிடிக்காது. அவற்றைக் குறைக்கக் கரி வடிகட்டியும் தாராளமான அளவில் இருக்க வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவிகள் பக்கமே போகாதீர்கள், அவை நுரையீரலுக்குத் தனிக்கேடு.

மறுமொழி 3:
இவ்வளவுக்கும் முன்பாக அவரிடம் பேசிவிடுங்கள். புகை வரும் நேரத்தில் கோபத்தோடு கதவைத் தட்டாமல், ஒரு பகல் பொழுதில், "குளியலறை வழியாகப் புகை மேலே வருகிறது, அதையொட்டிய அறையில்தான் குழந்தை தூங்குகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். பால்கனிக்குப் போகச் சொல்லிவிடாதீர்கள், அங்கிருந்தும் உங்கள் ஜன்னலுக்குத்தான் ஏறும் (என் அனுபவம்). அதற்குப் பிறகும் தொடர்ந்தால், தேதியும் நேரமும் குறித்து, வாடகை ஒப்பந்தத்தில் புகைபிடித்தல் பற்றி ஏதும் உள்ளதா என்று பார்த்து, உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கேட்டவர்:
காகிதத் துண்டு வாஷ்பேசின் அடியில் நன்றாகவே ஆடியது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி. உரிமையாளர் நாளை ஆளை அனுப்புகிறார். கீழ்வீட்டுக்காரரைச் சந்தித்தேன், புகை மேலே வருவதே தமக்குத் தெரியாது என்றார். இனிக் கீழே இறங்கிப் போய்ப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நேற்றிரவு வாடை இல்லை.