சோமாலியாவுக்கு வெளியில இருந்து வந்த உதவி சமாதானத்தை கொண்டு வந்துச்சா, தள்ளிப் போட்டுச்சா?

கோட்டைமேடு ரஃபீக்:
நேத்து வேற ஒரு திரியில ஒருத்தர் "உலக நாடுகள் காசும் படையும் கொடுக்கலன்னா சோமாலியா எப்பவோ அழிஞ்சிருக்கும்"னு எழுதியிருந்தாரு, எனக்கு ஒத்துக்க முடியல, அதான் தனியா தொடங்குறேன். 1991 ஜனவரில சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாத் பர்ரே ஓடிப்போனதுக்கு அப்புறம் வடக்குல, தனி நாடுன்னு தானே அறிவிச்சுக்கிட்ட சோமாலிலாந்துக்காரங்க 1993ல போராமாங்குற ஊர்ல குலப் பெரியவங்களை உக்கார வச்சு மாசக்கணக்கா பேசினாங்க. ஆயுதம் யார் கையில இருக்கணும், செத்தவங்களுக்கு நஷ்ட ஈடு எப்படி, எல்லாத்தையும் பேசித் தீர்த்தாங்க. சோறு போட்டதும் செலவு பண்ணதும் பெரும்பாலும் உள்ளூர் ஆளுங்கதான். தெற்குக்கு என்ன ஆச்சு? 2002ல ஆரம்பிச்சு 2004 வரைக்கும் கென்யாவுல ரூம் போட்டு பேச்சுவார்த்தை, பில் கட்டினது வெளிநாடு. அதுல உருவான அரசாங்கம் தலைநகர் மொகதிஷுவுக்குள்ள கால் வைக்க முடியாம முதல்ல ஜவ்ஹர்ல, அப்புறம் பைடோவாவுல உக்காந்துச்சு. அடுத்தவன் காசுல பேசுறவனுக்கு சீக்கிரம் முடிக்கணும்னு எங்க தோணும்?

செந்தில் கடலூர்:
பாய், சோமாலிலாந்தை சொல்ற எல்லாருமே பாதிக் கதையோட நிறுத்திடுறாங்க. போராமா முடிஞ்ச அடுத்த வருஷமே, 1994ல சோமாலிலாந்து தலைநகர் ஹர்கெய்சாவோட ஏர்போர்ட் யார் கையிலங்குறதுல சண்டை வந்து ரெண்டு வருஷம் இழுத்துச்சு. 2023ல அதே சோமாலிலாந்து உரிமை கொண்டாடுற லாஸ் அனோட் ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க, மாசக்கணக்கா ஷெல் அடி, ஊரே காலி. அப்புறம் பர்ரே படை புதைச்சுட்டுப் போன கண்ணிவெடி இருக்கே, அதை 1999ல இருந்து ஹேலோ டிரஸ்ட்டுங்குற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு எடுத்துக்கிட்டு இருக்கு. அது வெளிநாட்டு உதவி இல்லையா? ஆடு மேய்க்கப் போற பையன் கால் போகாம இருக்குறதும் சமாதானத்துல ஒரு பகுதிதானே.

ரஃபீக்:
கண்ணிவெடி எடுக்குறதை யாரு வேண்டாம்னா. நான் சொல்றது அரசாங்கத்தை யாரு உண்டாக்குறதுங்குறது.

ஈஸ்ட்லீ கணக்கர்:
நான் நைரோபியில ஒன்பது வருஷமா கணக்கு வேலை, கம்பெனி இருக்குறது ஈஸ்ட்லீல, சுத்தி எல்லாம் சோமாலியர்கள்தான். கூட வேலை பாக்குறவங்க 2006ஐ பத்தி பேசுறப்ப குரலே மாறிடும். அந்த வருஷம் ஒரு ஆறு மாசம் ஷரியா நீதிமன்றங்கள் சேர்ந்து உண்டாக்குன இஸ்லாமிய நீதிமன்றக் கூட்டமைப்பு கையில மொகதிஷு இருந்துச்சு. தெருவுக்குத் தெரு துப்பாக்கி வச்சு வசூல் பண்ண கும்பல் எல்லாம் ஓடிப்போச்சு, மூடிக் கிடந்த ஏர்போர்ட்டும் துறைமுகமும் திறந்துச்சு. டிசம்பர்ல எத்தியோப்பியா படை அமெரிக்கா ஆதரவோட உள்ள வந்துச்சு. கூட்டமைப்புல இருந்த நிதானமான ஆளுங்க வெளிநாட்டுக்கு ஓடினாங்க, அதுல சின்னத் தீவிரவாதப் பிரிவா இருந்த அல் ஷபாப் "அந்நியன் வந்துட்டான்"னு சொல்லி வளர்ந்துருச்சு. 2009 ஜனவரில எத்தியோப்பியா கிளம்புறப்ப எதிர்ல நின்னது அந்தச் சின்னப் பிரிவு இல்ல, பெரிய படை. இந்த விஷயத்துல நான் ரஃபீக் பாய் பக்கம்.

செந்தில் கடலூர்:
எத்தியோப்பியா போனது பெரிய தப்பு, நானும் சொல்றேன். ஆனா படையெடுப்பையும் அமைதிப்படையையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. 2007 மார்ச்ல உகாண்டா வீரர்கள் வந்தாங்க, பின்னாலயே புருண்டி, ஆப்பிரிக்க ஒன்றியத்தோட அமிசோம் படை. சொந்த நாடே ஏழை நாடு, அந்தப் பசங்க மொகதிஷுல ஒவ்வொரு தெருவா ரத்தம் சிந்தி 2011 ஆகஸ்ட்ல அல் ஷபாபை நகரத்தை விட்டு வெளிய தள்ளினாங்க. அதே மாசம் அப்ப துருக்கிப் பிரதமரா இருந்த எர்டோகன் குடும்பத்தோட வந்து இறங்கினாரு, அடுத்த வருஷம் டர்கிஷ் ஏர்லைன்ஸ் பறக்க ஆரம்பிச்சுச்சு, ஆஸ்பத்திரி, ரோடு, 2017ல ராணுவப் பயிற்சி முகாம். அமிசோம் இல்லன்னா அந்த விமானம் எங்க இறங்கியிருக்கும்? அல் ஷபாப் தானா மனசு மாறியிருக்குமா? 2017 அக்டோபர் 14, மொகதிஷுல லாரி குண்டுல ஐநூத்து எண்பது பேருக்கு மேல கருகிப் போனாங்க. அந்த மாதிரி ஆளுங்களோட எந்தக் குலப் பெரியவர் மரத்தடியில உக்காந்து பேசுவாரு சொல்லுங்க.

வெண்ணிலா:
ரெண்டு பேருமே படையையும் மாநாட்டையுமே பேசுறீங்க, பஞ்சத்தை யாரும் எடுக்கல. 2011 பஞ்சத்துல கிட்டத்தட்ட 2.6 லட்சம் பேர் செத்தாங்க, அதுல பாதி அஞ்சு வயசுக்குக் கீழ. மழை பொய்ச்சது மட்டும் காரணம் இல்ல. அல் ஷபாப் தன் பகுதியில உதவி அமைப்புங்களை விரட்டிடுச்சு, இன்னொரு பக்கம் அமெரிக்காவோட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கு பயந்து, நம்ம மூட்டை அவங்க கைக்குப் போயிட்டா கேஸ் ஆயிடுமேன்னு பல பேர் ஒதுங்கிட்டாங்க. எச்சரிக்கை முந்தின வருஷமே வந்தாச்சு, ஆனா பணம் வந்தது பஞ்சம்னு அறிவிச்ச பிறகு. அதே நாட்டுல 2017ல வறட்சி வந்தப்ப முன்கூட்டியே பணமும் சாப்பாடும் போச்சு, பஞ்சம் தடுக்கப்பட்டுச்சு. அதனால உதவியே கெடுதல்னு சொல்றதை என்னால ஏத்துக்கவே முடியாது அண்ணா. எப்ப, யார் வழியா, என்ன நிபந்தனையோட வருதுன்னு பாருங்க.

ரஃபீக்:
தங்கச்சி, பஞ்சத்துல சோறு போடாதேன்னு நான் எங்கயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா "யார் வழியா"ன்னு நீங்களே சொன்னீங்க பாருங்க, அங்கதான் என் வயித்தெரிச்சல். 2010ல ஐநாவோட கண்காணிப்புக் குழுவே உணவு உதவியில பாதி வரைக்கும் கான்ட்ராக்டர், உள்ளூர் ஏஜென்ட், ஆயுதக் குழுன்னு திசை மாறிப் போகுதுன்னு எழுதுச்சு, ஐநாவோட உலக உணவுத் திட்டம் அதை மறுத்துச்சு. 1992லயும் இதே கதைதான், சாப்பாட்டு லாரியை கைப்பத்துனவன்தான் தலைவன். அதைக் காப்பாத்த அமெரிக்கா டிசம்பர்ல படையோட வந்துச்சு, பட்டினிச் சாவு குறைஞ்சுச்சு, அது உண்மை. அப்புறம் வேலை சோறு போடுறதுல இருந்து மொகதிஷு ஆயுதக் குழுத் தலைவன் ஐதீதை பிடிக்குறதுன்னு மாறிப் போச்சு. 1993 ஜூன்ல ஐநா படையில இருந்த 24 பாகிஸ்தான் வீரர்கள், அக்டோபர்ல 18 அமெரிக்க வீரர்கள், அந்த ஒரே ராத்திரியில நூத்துக்கணக்கான சோமாலியர்கள் செத்தாங்க. 1995 மார்ச்ல எல்லாரும் மூட்டை கட்டிக் கிளம்பிட்டாங்க. கிளம்புறவனுக்குப் போக ஊரு இருந்துச்சு.

பழைய பட்டாளம்:
குறுக்க வர்றேன். எங்க சித்தப்பா அந்த ஐநா படையில இந்திய பிரிகேட்ல பைடோவாவுல இருந்தவர். அங்க நம்ம ஆளுங்க கிணறு தோண்டுனாங்க, வைத்தியம் பாத்தாங்க, ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் கூட ஊசி போட்டாங்க. "அவன் பிள்ளையை விட ஒட்டகத்தைக் காப்பாத்துனப்பதான்டா எங்க மேல நம்பிக்கை வந்துச்சு"ன்னு சொல்லுவாரு. மொகதிஷுல ஹெலிகாப்டர்ல இருந்து சுட்டதும் வெளிநாட்டுப் படைதான், பைடோவாவுல கிணறு தோண்டுனதும் வெளிநாட்டுப் படைதான். மொத்தமா ஒரே பேர் வச்சு பேசாதீங்க.

ஈஸ்ட்லீ கணக்கர்:
அருமையா சொன்னீங்க. ஒரு விஷயம் இங்க யாருமே பேசல, வெளிநாட்டுல இருக்குற சோமாலியர்கள் வீட்டுக்கு அனுப்புற காசு. வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல. ஸ்கூல் ஃபீஸ், கிணறு, கடை, எல்லாம் அதுலதான் நடக்குது. 2013ல பிரிட்டன்ல ஒரு பெரிய பேங்க் பணம் அனுப்புற கம்பெனிகளோட கணக்கை மூடுறேன்னு சொன்னப்ப எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா அழுதது இன்னும் கண்ணுல நிக்குது, லண்டன்ல இருக்குற மகன் அனுப்புறதை நம்பித்தான் பேலெட்வெய்ன்ல அவங்க தங்கச்சி குடும்பம். உலகம் நிஜமாவே உதவணும்னா முதல்ல அந்த வழியை அடைக்காம இருக்கட்டும்.

செந்தில் கடலூர்:
இதுல முழுசா உடன்படுறேன். ஆனா அந்த அம்மா தங்கச்சி இருக்குற ஊருக்கு ரோடு திறந்திருக்கணும்ல? 2023 டிசம்பர்ல 450 கோடி டாலர் கடன் தள்ளுபடி ஆச்சு. இனி அந்த அரசாங்கம் தன் போலீசுக்குத் தானே சம்பளம் போட ஒரு வாய்ப்பு. அதுவரைக்கும் யார் காவல்? 2025 ஜனவரில ஆப்பிரிக்க ஒன்றியத்தோட படை ஆசோம்னு புதுப் பேர்ல வந்துச்சு, வர்றப்பவே அதுக்கு யார் காசு குடுக்குறதுன்னு முடிவாகல. உறுப்பு நாடுகள் ஐநாவுக்குக் கட்டுற கட்டாயச் சந்தாவுல இருந்து இந்த மாதிரி படைச் செலவுல 75 சதவீதம் வரைக்கும் கொடுக்கலாம்னு ஐநா பாதுகாப்பு சபையோட 2719ஆம் தீர்மானம் இருக்கு, ஆனா அதை சோமாலியாவுக்குப் பயன்படுத்த அமெரிக்கா ஒத்துக்கல. உகாண்டாக்காரன் எத்தனை மாசம் சம்பளம் இல்லாம காவல் நிப்பான்?

ரஃபீக்:
செந்தில், அந்தச் சம்பளம் கொடுக்கணும், சரி, அதை ஒத்துக்குறேன், இன்னைக்கு திடீர்னு விட்டுட்டுப் போனா முதல்ல சாகப் போறது அந்த ஊர் ஜனங்க. என் கேள்வி ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கு. 2000ல இருந்து நாலு பெரிய குலத்துக்கு ஆளுக்கு ஒரு பங்கு, மத்த எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்குன்னு பாராளுமன்ற சீட்டைப் பிரிக்கிறாங்க. அந்த அரைப் பங்குல இருக்குற பாண்டு சிறுபான்மை இன விவசாயிக்கும் மொகதிஷு மீனவனுக்கும் எந்த மாநாட்டுல நாற்காலி போட்டாங்க? காசு குடுக்குற நாடு ஒண்ணாவது இதைக் கேட்டு அழுத்தம் கொடுத்துச்சா, தெரிஞ்சா எழுதுங்க, நான் படிக்கிறேன்.