எட்டு பாஸ்போர்ட், ஒரு பை: கப்பல்ல இருந்து கரைக்கு இறங்கும்போது யார் கையில வெச்சுக்கிறீங்க?

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம். மே மாச லீவுல குடும்பத்தோட சிங்கப்பூர் போய், அங்கேருந்து கப்பல்ல பினாங்கு, புக்கெட் பார்த்துட்டு மறுபடி சிங்கப்பூருக்கே வர்ற 4 ராத்திரி டிரிப் போட்டிருக்கோம். மொத்தம் எட்டு உருப்படி. அப்பா (71), அம்மா, நான், வீட்டுக்காரி, பொண்ணு 11, பையன் 6, தங்கச்சி, மச்சான். இதுல வெளிநாடு பார்த்தவர் அப்பா ஒருத்தர்தான். அதுவும் குவைத்து, அதுவும் 1990 வரைக்கும்.

வம்பே அங்கேதான். டிக்கெட் போட்டுக் குடுத்தவர் போன்ல பேச்சுவாக்குல, "ஏறும்போதே பாஸ்போர்ட்டை கப்பல்ல வாங்கி வெச்சாலும் வெப்பாங்க சார், கடைசி நாள்தான் திருப்பித் தருவாங்க"ன்னு சொல்லிட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அப்பா பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டாரு. "நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க."

அவர் கதையைச் சொல்லாம இது புரியாது. குவைத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல டிங்கர் வேலை. பாஸ்போர்ட் கபீல் (வேலைக்குக் கூப்பிட்ட ஸ்பான்சர் முதலாளி) வீட்டு பீரோவுல. 1990 ஆகஸ்ட் 2 ஈராக் ராணுவம் உள்ள நுழைஞ்சப்ப கபீல் ஊர்லயே இல்ல. அப்பா கையில இருந்தது சிவில் ஐடியும் (குவைத்து அடையாள அட்டை) மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச ஒரு ஜெராக்ஸும். அதை வெச்சுக்கிட்டே பஸ்ல பஸ்ரா, பாக்தாத், அப்புறம் ஜோர்டான் எல்லையில கூடாரம், அம்மான்ல ஏர் இந்தியா. 1 லட்சத்துக்கும் மேல நம்ம ஆளுங்களை மீட்டுக் கொண்டு வந்தாங்கன்னு நாம பெருமையா படிக்கிறோம். அவருக்கு ஞாபகம் இருக்கிறது வழியில இருந்த ஒவ்வொரு மேஜையிலயும் "பாஸ்போர்ட் எங்கே?"ன்னு கேட்டது மட்டும்தான். இன்னிக்கும் ரேஷன் கடையில கார்டு அந்தப் பக்கம் அரை நிமிஷம் கூட இருந்தா எட்டி எட்டிப் பார்ப்பாரு.

கேக்க வந்தது இதுதான். நிஜமாவே வாங்கி வெச்சுக்கிறாங்களா? வாங்கலைன்னா பினாங்குல இறங்கும்போது எட்டையும் ஒரே பையில போட்டு நான் தோள்ல மாட்டிக்கவா? ரூம் லாக்கர்லயே வெக்கலாம்னு வீட்டுல சொல்றா. அவங்கவங்களுது அவங்கவங்க கையிலன்னு மச்சான் சொல்றாரு. ஆறு வயசுப் பையன் ஸ்கூல்ல வாட்டர் பாட்டிலையே வாரம் ஒண்ணு தொலைக்கிறான்.

இன்னொண்ணு, எங்க எட்டு பேர்ல சர்நேம் ஒத்துப்போறது என் ரெண்டு பிள்ளைங்களுக்கு மட்டும்தான். எனக்கு அப்பா பேரு, பிள்ளைங்களுக்கு என் பேரு, வீட்டுக்காரிக்கு அவங்க அப்பா பேரு, அம்மாவுக்கு அந்தக் கட்டமே காலி. ஒரே குடும்பம்னு யாராவது நம்புவாங்களா?

வெள்ளிக்கடற்கரை எழுதியது:

ஆதார் போதும் நண்பரே. நாங்க சென்னையிலேர்ந்து விசாகப்பட்டினம் கப்பல்ல போனப்ப அதைத்தான் காட்டினோம். எதுக்கு இவ்ளோ டென்ஷன்.

முத்தியால்பேட்டை அனு எழுதியது:

மேல சொன்னது நம்ம நாட்டுத் துறைமுகத்துக்குள்ளேயே சுத்துற கப்பலுக்கு. பினாங்குல போய் ஆதாரை நீட்டினா அவங்களுக்கு அது ஒரு பிளாஸ்டிக் அட்டை, அவ்ளோதான்.

கெடிலக்கரை அண்ணா, நாங்க போன வருஷம் இதே ரூட்டு, ஆறு பேரு. எங்க கப்பல்ல வாங்கி வெச்சுட்டாங்க. கவுண்டர்ல போட்டோ எடுத்து ஆளுக்கு ஒரு கார்டு குடுப்பாங்க. ரூம் சாவி, பர்ஸ், அடையாள அட்டை எல்லாம் அதுதான். இறங்கும்போது அதைத் தட்டணும், செக்யூரிட்டி பக்கத்து ஸ்க்ரீன்ல உங்க மூஞ்சி வரும். திரும்பி ஏறும்போதும் அப்படியே. கரையில நாங்க எடுத்துட்டுப் போனது அந்த கார்டும் பாஸ்போர்ட்டோட கலர் ஜெராக்ஸும்தான். ஆனா இது கப்பலுக்குக் கப்பல், சமயத்துல டிரிப்புக்கு டிரிப்பு மாறும். பாஸ்போர்ட்டே கையில வேணும்னும் சொல்லலாம். முந்தின நாள் ராத்திரி ரூமுக்கு வர்ற பேப்பர்லயோ கப்பல் ஆப்லயோ போட்டிருப்பாங்க. அதுல என்ன இருக்கோ அதுதான் சட்டம், நான் சொல்றது இல்ல.

சர்நேம் பத்தி யாரும் எங்களைக் கேக்கலை. ஆனா டிக்கெட்ல பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேரு இருக்கணும். எங்க அத்தை பேர்ல இனிஷியலை மட்டும் போட்டு புக் பண்ணிட்டாங்க, கவுண்டர்ல முக்கால் மணி நேரம் நின்னோம். உங்கம்மாவுக்கு சர்நேம் காலின்னா இப்பவே போன் பண்ணி டிக்கெட்ல எப்படிப் போட்டிருக்குன்னு கேளுங்க. தங்கச்சி மட்டும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இறங்குற ஐடியா இருந்தா பர்த் சர்டிபிகேட் ஜெராக்ஸும், நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டரும் குடுத்து விடுங்க.

சின்னவன் கார்டுக்குக் கழுத்துக் கயிறு வேணாம். எங்க வீட்டு வாண்டு அதைச் சுத்திச் சுத்தி தண்ணிக்குள்ள விட்டுருச்சு. பேன்ட் பாக்கெட்ல போட்டு ஊக்கு குத்துங்க.

பழைய துறைமுகம் எழுதியது:

தம்பி, நான் கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) ஆளு. 22 வருஷம் சரக்குக் கப்பல்ல இருந்தவன். ஏறின அன்னிக்கே எங்க பாஸ்போர்ட், சிடிசி (கப்பல் ஊழியருக்கான பதிவுப் புத்தகம்) ரெண்டும் கேப்டன் வசம் போயிடும். கரைக்கு இறங்க ஷோர் பாஸ், அவ்ளோதான். ஒரு தடவைகூட எனக்குத் தொலைஞ்சதில்ல. என் கையில இருந்திருந்தா தொலைச்சிருப்பேன், அது வேற விஷயம்.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க. கபீல் வாங்கி வெச்சது ஆளு ஓடிடக் கூடாதுன்னு. கப்பல்ல வாங்குறது குடியுரிமை அதிகாரிங்க மொத்தக் கட்டையும் ஒரே இடத்துல பார்த்து முடிக்க. ஆயிரக்கணக்கான பேரைத் தனித்தனியா வரிசையில நிறுத்தினா பாதிப் பகல் அதுலயே போயிடும், அப்புறம் எங்க ஊர் பார்க்கிறது? உங்க பாஸ்போர்ட் கப்பல்காரனுக்கு ஒரு சுமை. எப்படா திருப்பிக் குடுப்போம்னுதான் இருப்பான்.

எட்டையும் ஒரே பையில போடுறதை மட்டும் செய்யாதீங்க. ஒரு பாஸ்போர்ட் போனா ஒருத்தர் மாட்டுவார், மத்தவங்க ஓடியாடிப் பார்க்கலாம். எட்டும் போனா போலீஸ்ல புகார் குடுத்துட்டு எட்டு பேரும் கோலாலம்பூர் தூதரகத்துக்குப் போகணும். அங்க கிடைக்கிற எமர்ஜென்சி சர்டிபிகேட் ஊருக்குத் திரும்ப மட்டும்தான் ஆகும். அதுக்குள்ள கப்பல் புக்கெட் தாண்டியிருக்கும். கையில வாங்கிட்டுப் போகச் சொன்னா ரெண்டு ரெண்டாப் பிரிச்சு நாலு பெரியவங்ககிட்ட குடுங்க. வேண்டாம்னா லாக்கர்ல வெச்சுட்டு ஜெராக்ஸோட இறங்குங்க.

"லாக்கர்ல வெச்சுட்டு இறங்கி, கப்பல் கிளம்பிட்டா?"ன்னு அடுத்து கேப்பீங்க. நேரம் முடிஞ்சதும் யார் கார்டு திரும்பத் தட்டலைன்னு கேங்வேயில (கப்பல்ல ஏறி இறங்குற வழியில) தெரிஞ்சிடும். வழக்கமா ரூமுக்கு ஆள் போய் லாக்கரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து போர்ட் ஏஜென்ட் (துறைமுகத்துல கப்பல் கம்பெனிக்காக இருக்கிற ஆள்) கையில குடுத்துட்டுத்தான் கிளம்புவாங்க. அந்த ஏஜென்ட் நம்பர் தினம் வர்ற பேப்பர்ல இருக்கும். அதைப் போட்டோ எடுத்து எட்டு பேர்ல போன் இருக்கிற எல்லார்கிட்டயும் அனுப்பிடுங்க. நெட் இல்லாம போகலாம், அப்பா சட்டைப் பாக்கெட்ல எழுதியும் வைங்க.

ஆளுங்க கப்பலைத் தவறவிடுறது திருட்டாலயோ விபத்தாலயோ மட்டும்னு நினைக்காதீங்க. கடிகாரத்தாலயும்தான். சிங்கப்பூர், மலேசியா ஒரே மணி. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னாடி. புக்கெட் டவரைப் பிடிச்சதும் போன் தானா மாறிடும். கப்பல் சிங்கப்பூர் மணியிலயே ஓடினா உங்க போன்ல 4, அங்க 5. அப்பாகிட்ட கைக்கடிகாரம் இருக்குமே, அதை கப்பல் மணிக்கு வெச்சு யாரையும் தொட விடாதீங்க.

குருசுக்குப்பம் எழுதியது:

நம்ம பாண்டிச்சேரியில என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க வீட்டுல எனக்கும் அப்பாவுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், வீட்டம்மாவுக்கு இந்தியா. சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க குடும்பம்னா இங்க எல்லாருக்கும் புரியும். ஒரே குடும்பம், கவுண்டர்ல ரெண்டு வரிசை.

நான் பண்ணின தப்பு, பாஸ்போர்ட்டை கவரோட அப்படியே குடுத்துட்டேன். கவருக்குள்ள ஓசிஐ புத்தகமும் (வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கிற இந்திய வம்சாவளிக்காரங்க விசா இல்லாம இந்தியா வர்றதுக்கானது) இருந்தது. கடைசி நாள் வெறும் பாஸ்போர்ட் மட்டும் வந்தது. கவரும் இல்ல, ஓசிஐயும் இல்ல. ஓசிஐ இல்லாம சென்னை பிளைட்ல ஏத்துவானா? ராத்திரி 11 மணிக்கு ரிசப்ஷன்ல ஒரு டப்பா நிறைய கவரைக் கொட்டிக் கிளறினோம், கிடைச்சுது. கவர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுத்தான் அடுக்குவாங்களாம். அதனால குடுக்கும்போது பாஸ்போர்ட் மட்டும் குடுங்க. உள்ள சொருகி வெச்ச போட்டோ, ரூபாய் நோட்டு, சாமி படம் எல்லாம் வெளிய.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அனு சொன்னதுக்காக டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். அம்மா பேரு சரியாத்தான் இருக்கு. ஆனா பொண்ணு பாஸ்போர்ட்டைப் பார்த்தா தலை சுத்துது. பெரியவங்களுக்கு 10 வருஷம், பிள்ளைங்களுக்கு 5 வருஷம்தான்கிறதை மறந்தே போயிட்டேன். ஜூலையோட முடியுது. ஆறு மாசம் மிச்சம் இருக்கணுமாமே. நாளைக்கு விண்ணப்பம். டிக்கெட்ல நம்பரையும் மாத்தணும்.

பழைய துறைமுகம் ஐயா எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. "ஓ.டி. ஆளா? எந்தத் தெரு?"ன்னு மட்டும் கேட்டாரு.

முத்தியால்பேட்டை அனு எழுதியது:

நல்ல வேளை இப்பவே பார்த்தீங்க. புது பாஸ்போர்ட் வந்ததும் சிங்கப்பூர் விசா போடும்போது மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க. கப்பல்ல திரும்பி வர்றது ரெண்டாவது தடவை உள்ள நுழையிற மாதிரி. சிங்கப்பூர் அரைவல் கார்டும் திரும்பி வர்றப்ப மறுபடி போடணும், அது இலவசம், காசு கேக்குற சைட்ல போட்டுறாதீங்க. மலேசியா, தாய்லாந்துக்கும் இப்ப ஆன்லைன் கார்டு இருக்கு. கப்பல்ல வர்றவங்களுக்கு எது வேணும்னு கம்பெனி மெயில்லயே வரும். விசா விதி அடிக்கடி மாறுது, கிளம்புற வாரம் இன்னொரு தடவை பாருங்க.

கெடிலக்கரை எழுதியது (ஜூன்):

போயிட்டு வந்துட்டோம். எழுதறேன்னு சொல்லியிருந்தேன்.

வாங்கி வெச்சாங்க. அப்பா கவுண்டர்ல ரசீது கேட்டாரு. கவுண்டர்ல இருந்த பொண்ணு, பேரு எழுதின சின்னச் சீட்டு ஒண்ணு குடுத்துச்சு. பத்தலைன்னு பாக்கெட் டைரியில எட்டு நம்பரையும் தன் கையால எழுதிக்கிட்டு, அந்தப் பொண்ணு பேட்ஜ்ல இருந்த பேரையும் எழுதிக்கிட்டாரு. பின்னாடி வரிசை நீண்டுது, எனக்குக் கூச்சமா இருந்தது. அது சிரிச்சுக்கிட்டே பேட்ஜை நேரா திருப்பிக் காட்டுச்சு.

பினாங்குல கார்டும் ஜெராக்ஸும்தான். இறங்குதுறையிலேருந்து நடந்தே லிட்டில் இந்தியா போயிட்டோம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், எதிர்த்தாப்புல இட்லி கடை, தெருவெல்லாம் நம்ம பாட்டு. அம்மா "இதுக்கா பாஸ்போர்ட்?"னு கேட்டாங்க. அம்மாவோட கார்டு சுருக்குப்பைக்குள்ள, பை இடுப்புல. எட்டு பேர்ல ஒரு தடவைகூட "என் கார்டு எங்க"ன்னு தேடாத ஆள் அவங்கதான். மச்சான் மூணு தடவை தேடினாரு.

புக்கெட்ல கப்பல் தள்ளியே நின்னுது, சின்ன படகுல கரைக்குப் போனோம். படகு ஆடுற ஆட்டத்துல அப்பாவை ரெண்டு பேர் கையைப் பிடிச்சு இறக்கினாங்க. ஐயா சொன்ன கடிகார விஷயம் அப்படியே நடந்தது. திரும்புற நேரத்துக்கு எங்க போன் எல்லாம் "இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு"ன்னுது. அப்பா கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "அரை மணிதான், நடங்க"ன்னு கிளப்பிட்டாரு. தங்கச்சிக்கு மாம்பழமும் ஸ்டிக்கி ரைஸும் போச்சு, இன்னும் சொல்லிக்காட்டுறா.

கடைசி ராத்திரி பாஸ்போர்ட் திருப்பிக் குடுக்கிற இடத்துல எட்டரைக்கு வரச் சொன்னாங்க. ஏழே முக்காலுக்கே அப்பா வரிசையில முதல் ஆளா நிக்கிறாரு, டைரி கையில. ஒவ்வொண்ணா நம்பரை ஒத்துப் பார்த்து, எண்ணி, பொண்ணோட புது பாஸ்போர்ட்டை ரெண்டு தடவை புரட்டிட்டு என்கிட்ட குடுக்காம தன் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டாரு.

எட்டையும் ஒரே இடத்துல. ஐயா கோச்சுக்காதீங்க, சொல்லிப் பார்த்தேன்.