மெக்காடத்துக்குக் 'கப்பி': ஒரு முன்மொழிவு

வணக்கம்.

சாலையில் தாருக்குக் கீழே, நீரோடு கலந்த உடைகற்களைப் பரப்பி இறுக்கும் அடுக்கை 'வெட் மிக்ஸ் மெக்காடம்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'ஈரக்கலவை மெக்காடம்' என்று நண்பர் பரிந்துரைத்திருந்தார். எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. ஈரம் என்றதும் எப்போதும் நசநசவென்று இருக்கும் அடுக்கு என்றே தோன்றும். உண்மையில் ரோலர் ஓட்டி முடித்தபின் 24 மணி நேரம் காயவிட்டுத்தான் அதன்மேல் தார் வேலையைத் தொடங்குகிறார்கள். மெக்காடம் என்பதோ ஓர் ஆளின் பெயர். 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஜான் லவுடன் மெக்காடம், ஆறு அவுன்சுக்கு மிகாத உடைகற்களைப் பரப்பினால் போதும், வண்டிகள் ஓட ஓட அவை தாமே கோத்துக்கொள்ளும் என்றார். இடையில் மண் சேர்ப்பதையே அவர் விரும்பவில்லை. அவர் பெயரை நீரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

தார் போடாத சாலையை நம் ஊர்களில் இன்றும் 'கப்பி ரோடு' என்கிறோம். ஜல்லி என்பது கொட்டி வைத்த பொருள். கான்கிரீட்டுக்கும் அதே சொல்தான். பரப்பி இறுக்கிய அடுக்கைக் குறிக்கக் கப்பியே பொருந்தும். கிணற்றுக் கப்பியோடு குழம்பாதா என்று கேட்கலாம். சாலை மதிப்பீட்டில் உருளைக் கப்பிக்கு என்ன வேலை?

இனி மெக்காட அடுக்குகளின் வகைப்பாடு. 'வாட்டர் பவுண்ட்' முறையில், 63 முதல் 45 மில்லிமீட்டர் வரையிலான கற்களைப் பரப்பி, முதலில் உலர்வாகவே ரோலர் ஓட்டி, சந்துகளில் பொடிஜல்லியைத் தூவித் துடைப்பத்தால் தள்ளி, அதன்பின் தண்ணீர் தெளித்து, கற்களைப் பிணைக்கத் தூவும் மண் குழம்பாகி இடைவெளிகளில் இறங்கும் வரை மீண்டும் மீண்டும் உருட்டுகிறார்கள். 'வெட் மிக்ஸ்' முறையிலோ, 53 மில்லிமீட்டர் கல் முதல் தூள் வரை எல்லா அளவும் அளவான நீரோடு ஆலையிலேயே கலந்து லாரியில் வந்து சேருகிறது. நீர் இரண்டிலும் உண்டு; சாலையில் ஊற்றுகிறோமா, ஆலையில் கலக்கிறோமா என்பதே வேறுபாடு. எனவே முன்னதற்கு 'நீரிறுகு கப்பி', பின்னதற்கு 'நீர்க்கலவைக் கப்பி' என்று முன்மொழிகிறேன். நீருக்குப் பதில் பிட்டுமின் கலந்த 'பிட்டுமினஸ் மெக்காடம்' வரும்போது 'தார்க்கலவைக் கப்பி' என்று அதே வார்ப்பில் சொல்லிக்கொள்ளலாம். (பிட்டுமினும் தாரும் ஒன்றல்ல என்பது வேதியியலாரின் வழக்கு, சாலைப் பணியாளர்கள் இரண்டையும் தார் என்றே சொல்கிறார்கள்.)

இந்தக் கப்பி அடுக்குகள் அமையும் இடத்தைச் சாலைப் பொறியியலில் 'பேஸ்' என்பார்கள்; அதற்கு 'அடித்தளம்' வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டட வேலையில் அது கடைக்காலையும் குறிப்பதோடு, சாலையில் 'பேஸ்' அடியிலும் இல்லை, அதற்குக் கீழே இன்னோர் அடுக்கும் மண்படுகையும் உண்டு. 'பேஸ்' என்பதற்குத் 'தாங்கடுக்கு', அதன் கீழுள்ள 'சப்-பேஸ்' அடுக்குக்குக் 'கீழ்த்தாங்கடுக்கு' என்று இணையாக வைக்கலாம். ஆனால் கீழ்த்தாங்கடுக்குக்குச் சுமை தாங்குவதோடு, உள்ளிறங்கும் நீரை ஓரத்துக்கு வடிக்கும் வேலையும் இருப்பதால் 'வடியடுக்கு' என்றே பெயரிடலாமா என்பதைப் பொறியாளர்கள் சொல்லவேண்டும்.