பத்துப் பேரும் சாகும் முடிவை மாற்றியது யார்?

நிலாமுற்றம் கேட்டது:

அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலைப் போன வாரம் ரயிலில் ஆரம்பித்து, வீட்டுக்கு வந்தும் கீழே வைக்க முடியாமல் விடியற்காலையில் முடித்தேன். (முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன். படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் யாரும் எழுத வேண்டாம்.)

படிக்கும்போதே, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்ற நினைப்பு விடவில்லை. தப்பிக்க வழியில்லாத இடம், ஒருவர் பின் ஒருவராக விழும் பிணங்கள், மிஞ்சியவர்களுக்குள் சந்தேகம். எத்தனை படங்களில் பார்த்துவிட்டோம்! நாவலில் தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேரும் சாகிறார்கள். ஆனால் அதை வைத்து 1945-இல் ரெனே கிளேர் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தால், கடைசியில் காதல் ஜோடி பிழைத்துக்கொள்கிறது. மனசே ஆறவில்லை. இந்த முடிவை மாற்றியது யார்?

திரைக்குப்பின் எழுதியது:

மாற்றியது கிறிஸ்டியேதான். நாவல் 1939-இல் வந்தது. அதை அவரே நாடகமாக்கி 1943-இல் லண்டனில் மேடையேற்றினார். நாவலில் எல்லோரும் செத்த பிறகு உண்மையைச் சொல்ல ஒரு புட்டிக்குள் கடிதம் இருக்கிறது. மேடையில் கதையைச் சொல்ல ஓர் ஆளாவது உயிரோடு வேண்டுமே? கதையில் சாவுகள் ஒரு குழந்தைப் பாட்டின் வரிசையில் நடக்கின்றன. அந்தப் பாட்டுக்கு இரண்டு முடிவுகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்றில் கடைசிப் பையன் தூக்குப் போட்டுக்கொள்வான், இன்னொன்றில் கல்யாணம் செய்துகொள்வான். நாடகத்துக்குக் கல்யாணத்தை எடுத்துக்கொண்டார். 1945 படம் அதன் வழியே போனது. 1965, 1974, 1989 ஆங்கிலப் படங்களும் அப்படித்தான். தீவு பனிமலையானது, பாலைவன ஹோட்டலானது, ஆப்பிரிக்கக் காடானது. ஜோடி மட்டும் பிழைத்துக்கொண்டே இருந்தது.

எனக்கு இது கல்லூரியில் தெரிந்த விஷயம். அந்த நாடகத்தைப் போட்டோம். எனக்கு வசனம் கிடையாது, பொம்மை வேலை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பொம்மை காணாமல் போக வேண்டும். பாட்டியின் கொலுப் பெட்டியிலிருந்து பத்துச் சிப்பாய் பொம்மைகளைக் கொண்டுபோனேன். விளக்கு அணையும் சில நொடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் ஓடி வரவேண்டும். விளக்கு வந்ததும் முன்வரிசையில் யாரோ மெல்ல எண்ணுவார்கள்: “ஆறு... ஆறுதான் இருக்கு.” அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது. பிணத்தைப் பார்த்து வராத பயம், தட்டில் காலியான ஓர் இடத்தைப் பார்த்து வந்தது. அடுத்தது யார் என்று கிறிஸ்டி நம்மையே எண்ண வைக்கிறாரே, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டது அதைத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கூடவே எடுத்திருக்க வேண்டியதைப் பலரும் விட்டுவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் சட்டத்தால் தொட முடியாத சாவுகளுக்குக் காரணமானவர்கள். முதல் இரவே கிராமபோன் தட்டு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. ஜோடியைப் பிழைக்க வைக்க, அவர்களை நிரபராதிகளாக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த ஜோடியில் ஒருத்தியான வேராவின் குற்ற உணர்வுக்கு என்ன மதிப்பு? அவள் நம்பவைத்துக் கடலுக்குள் அனுப்பிய அந்தச் சிறுவனை மறந்துவிட்டால் நாவலே இல்லை. 1987-இல் சோவியத் இயக்குநர் கோவோருகின் எடுத்த படத்தைப் பாருங்கள். யாரையும் பிழைக்க விடவில்லை. 2015-இல் பிபிசி எடுத்த மூன்று பகுதித் தொடரும் அந்தத் துணிச்சலோடுதான் முடிகிறது.

கடல்காற்று எழுதியது:

தீவைப் பற்றி ஒன்று. இங்கிலாந்தின் டெவன் கரையில் பர்க் தீவு இருக்கிறது. நாவலின் தீவுக்கு அதுதான் தூண்டுதல் என்பார்கள். கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம், ஏறினால் உயரமான சக்கரங்கள் வைத்த டிராக்டரில்தான் போகவேண்டும். நான் போன அன்று தண்ணீர் ஏறிவிட்டது. வந்த பாதை கண்ணெதிரே மூழ்குவதைப் பார்த்தபோதுதான் அந்தப் பத்துப் பேரின் வயிற்றுக் கலக்கம் புரிந்தது.

நம் பக்கம் ‘நடு இரவில்’ (1970) விட்டுப்போயிற்றே! வீணை எஸ். பாலச்சந்தர் இந்த நாவலை வைத்து இயக்கிய படம். இந்தியில் அதற்கு முன்பே, 1965-இல் ‘கும்நாம்’.

ஏழாம்அறை எழுதியது:

ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுகிதோ அயாத்சுஜி 1987-இல் எழுதிய ‘பத்துக்கோண வீட்டுக் கொலைகள்’ இந்த நாவலுக்கு நேரடி வணக்கம். பல்கலைக்கழகத் துப்பறியும் கதைக் குழு மாணவர்கள் தீவுக்குப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய துப்பறியும் எழுத்தாளரின் பெயர்தான் பட்டப்பெயர். ஒரு பெண்ணின் பெயர் அகதா. கிறிஸ்டியைக் கரைத்துக் குடித்தவர்களையே அதே பொறியில் மாட்டுகிறார் அயாத்சுஜி, அதுவும் தன் சொந்தத் தந்திரத்தோடு. நாவலிலிருந்து சரியானதை எடுத்துக்கொண்டவர் அவர்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோவியத் படத்தைச் சனிக்கிழமை இரவு அம்மாவோடு பார்க்கப் போகிறேன். திரைக்குப்பின், அந்தப் பத்துப் பொம்மைகளும் பத்திரமாக இருக்கின்றனவா?

திரைக்குப்பின் எழுதியது:

ஒன்பது இருக்கின்றன. பத்தாவதைக் கடைசிக் காட்சி முடிந்து தேடியபோது காணவில்லை. வருடா வருடம் கொலுவில் அந்த இடத்தைக் காலியாகவே விடுகிறேன்.