பணியிடைப் பயிற்சியில் உங்கள் வேலையை உண்மையிலேயே மாற்றிய நிகழ்வு எது?

பொது மருத்துவ வார்டு செவிலியர், 19 ஆண்டுப் பணி

பயிற்சிச் சான்றிதழ்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றில் எத்தனை என் கைவேலையை மாற்றின என்று யோசித்தால், ஒன்றுதான் உடனே நினைவுக்கு வருகிறது. இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தும் முறையை மாணவப் பருவத்திலேயே கற்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பு வகுப்பிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் சொல்லும் அந்த ஒரு வகுப்பில் பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மை, அழுத்தத்தின் ஆழத்தைத் திரையில் காட்டும் வகையைச் சேர்ந்தது. முதல் அரை நிமிடம் திரையில் பச்சைக் கோடு நின்றது. பிறகு அது மெல்ல இறங்கி 4 செ.மீ. என்று காட்டியது, நான் தளர்ந்துவிட்டதாக எனக்கோ சிறிதும் தோன்றவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதியின் பொருள் அன்றுதான் என் உடம்புக்குப் புரிந்தது. பயிற்றுநர் என் தோளைத் தொட்டு, "கையை எடுக்காதீர்கள் சிஸ்டர், ஆனால் பாரத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். மார்பு மேலே வந்தால்தான் இதயத்தில் ரத்தம் நிரம்பும்" என்றார். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் நான் மார்பின் மீது சாய்ந்தபடியே இருந்திருக்கிறேன், அதுவும் பல ஆண்டுகளாக. நான் அழுத்தியும் பிழைக்காத சிலரின் முகங்கள் அன்றிரவு கண்முன் வந்தன. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

அறுவை சிகிச்சை வார்டு செவிலியர், 7 ஆண்டுப் பணி

அக்காவின் பாடம் கைக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வாய்க்கு. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் இரவில், வயிற்று அறுவை முடிந்த ஒருவர் படுக்கையில் நிலைகொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தார். பணி மருத்துவரை அழைத்து, "சார், அந்த நோயாளி என்னவோ சரியில்லை" என்றேன். "என்ன சரியில்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கேஸ் ஷீட்டை எடுத்துவர ஓடி, திரும்பி வருவதற்குள் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்தது. விடியும் முன் அந்த நோயாளி ஐசியூவுக்கு மாற்றப்பட்டார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்றே நெடுநாள் சொல்லி வந்தேன்.

பிறகு ஒரு வகுப்பில், நோயாளியைப் பற்றிய செய்தியை நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகளில் சொல்லும் முறையைக் கற்றுத் தந்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய முறை மருத்துவமனைக்கு வந்தது என்ற செய்தியைவிட, அதைப் பழக்கிய விதம்தான் எனக்கு முக்கியம். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டு, ஒருவரைச் செவிலியராகவும் மற்றவரை உறக்கத்திலிருந்து எழுந்த மருத்துவராகவும் பேசவைத்தார்கள். முதல் மூன்று படிகளைத் தடையின்றிச் சொல்லிவிட்டேன். "நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்ற நான்காவது படி தொண்டையைத் தாண்டவில்லை. மருத்துவரிடம் அப்படிச் சொல்லலாம் என்பதே எனக்குப் பழக்கமில்லை. பயிற்றுநர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஐந்து முறை சொல்லவைத்தார்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணும் வழக்கமும் அங்கேதான் வந்தது. எண்ணாமலேயே 20 என்று எழுதும் பழக்கம் எத்தனை வார்டுகளில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தனித்தனியே எண் கொடுத்துக் கூட்டி, நோயாளியின் நிலை மோசமாவதைக் காட்டும். அதில் மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் இருந்தாலே 3 மதிப்பெண். மொத்தம் 7-ஐத் தொட்டால் அவசரநிலை.

சில மாதங்கள் கழித்து அதே போன்ற ஓர் இரவு வந்தது. "சார், குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். மூச்சு 28, நாடி 124, ரத்த அழுத்தம் 96/60, மதிப்பெண் 7. தொற்று ரத்தத்தில் பரவுகிறதோ என்று அஞ்சுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." குரல் நடுங்கியது உண்மைதான். ஆனாலும் நான் சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவர் படுக்கையருகில் நின்றார்.

பிரசவ வார்டு செவிலியர்

நல்ல வகுப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் மற்றதைச் சொல்கிறேன். 12 மணி நேர இரவுப் பணியை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பற்றிய வகுப்பில் உட்காரவைக்கப்பட்டேன். முதல் 500 மில்லி லிட்டரிலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னது காதில் விழுந்தது. அடுத்துக் கேட்டது கைத்தட்டல். வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. பிரிட்டனில் செவிலியர் பதிவைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுகளில் 35 மணி நேரக் கற்றல் வேண்டும் என்றும், அதில் குறைந்தது 20 மணி நேரம் பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். அப்படி மணிக்கணக்கு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்த மணி நேரம் பணி நேரத்துக்குள் வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கண் மூடிய செவிலியருக்குக் கற்பித்ததாகக் கணக்கு எழுதினால், அதற்கான விலையை ரத்தம் இழக்கும் தாய்தான் கொடுப்பாள்.

பயிற்சிப் பொறுப்புச் செவிலியர்

பிரசவ வார்டுச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். அப்படிப்பட்ட வகுப்புகளை நானும் நடத்தியிருக்கிறேன். இப்போது வார்டுப் பொறுப்புச் செவிலியரிடம் பேசி, அழைப்பு மணிக்கு ஒருவரை நிறுத்திவிட்டு, பணி நேரத்திலேயே 15 நிமிடம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளில் ஒரே செய்தி. எல்லாத் தலைப்புக்கும் இது போதாது. வென்டிலேட்டர் பயிற்சிக்கு முழு நாள் வேண்டும், அந்த நாளை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

கை சுத்தம் பற்றிய பயிற்சிக்கு, புற ஊதா விளக்கில் ஒளிரும் திரவத்தைக் கிருமிநாசினிபோல் கைகளில் தேய்க்கச் சொல்வேன். தேய்த்த இடமெல்லாம் ஒளிரும். விட்டுப்போன இடம் இருண்டே இருக்கும். பெரும்பாலும் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான். ஓய்வு பெற இருந்த மூத்த செவிலியர் ஒருவர், விளக்கின் கீழ் தம் இரண்டு கட்டைவிரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கைகழுவும் தொட்டிக்குப் போனார். மறுநாள் காலை நான் அந்த வார்டைக் கடந்தபோது, புதிதாக வந்த மாணவிகள் மூவரைச் சுற்றி நிற்கவைத்து, "முதலில் கட்டைவிரல்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.