அன்பியக் கூட்டத்துக்கு வராத குடும்பத்துக்கு ஓலை கிடையாது என்று சொல்லலாமா?

பேரவைச்செயலர் | சனி, இரவு 10.12

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. தாம்பரத்தைத் தாண்டி உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) பேரவைச் செயலராக இருக்கிறேன்; பேரவை என்பது பங்கு மக்களின் குழு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

420 குடும்பங்கள், 18 அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுக்கள்). மாதம் தவறாமல் கூடுவது ஐந்தே ஐந்து. ஞாயிறு இரண்டு பூசைக்கும் கோயில் நிறைகிறது, வெளியே பந்தலில் நாற்காலி போடுகிறோம். இறுதி ஆசீர் முடிந்த கால் மணி நேரத்தில் ஒரு வண்டி கூட இருக்காது. மறைக்கல்விக்கு 160 பிள்ளைகள் வருகிறார்கள், ஆசிரியர்கள் 7 பேர், அதில் மூவர் அறுபதைத் தாண்டியவர்கள். கொடியேற்றத்திலிருந்து தேர்ப்பவனி வரை ஓடியாடி வேலை செய்வது அதே பன்னிரண்டு பேர். போன திருவிழா முடிந்ததும் அதில் இருவர் "இனிமே எங்களால ஆகாது சார்" என்று மண்டபச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த பேரவையில் ஒரு தீர்மானம் வருகிறது. குடும்பத்துக்கு ஓர் அட்டை. வருடத்தில் ஆறு அன்பியக் கூட்டத்துக்காவது வந்து பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) இல்லை, கல்யாண ஓலை (கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு) இல்லை, வேறு பங்குக்குக் கடிதமும் இல்லை. எழுதியது நான்தான். பங்குத்தந்தை படித்துவிட்டு, "வெளியே நாலு பேரைக் கேட்டுட்டு வாங்க" என்றார். அதனால் இங்கே கேட்கிறேன். செய்யலாமா?

சட்டம்படித்தவன் | சனி, இரவு 10.40

செய்யக்கூடாது. செய்யவும் முடியாது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 843ஐப் பாருங்கள். தக்க முறையில் கேட்பவர், தகுந்த தயாரிப்போடு இருப்பவர், சட்டம் தடுக்காதவர், இவருக்கு அருளடையாளத்தை (திருமுழுக்கு, திருமணம் போன்றவை) மறுக்கக் கூடாது. எண் 1058, சட்டம் தடுக்காத எவரும் திருமணம் செய்யலாம் என்கிறது. அன்பியத்துக்கு வராதது எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. இன்னொன்று, எண் 536இன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் வாக்கு மட்டுமே உண்டு. ஓலையை நிறுத்தும் அதிகாரம் உங்கள் தீர்மானத்துக்குக் கிடையாது.

செபமாலைஅக்கா | சனி, இரவு 11.05

தம்பி, சட்டத்தை எனக்கும் கொஞ்சம் தெரியும். அதே தொகுப்பில் எண் 222, திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று சொல்கிறது. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அது கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற ஆதாரமுள்ள நம்பிக்கை வேண்டும் என்று எண் 868 சொல்கிறது. அந்த நம்பிக்கையை நான் எங்கிருந்து எடுப்பேன்?

14 வருடமாக அன்பியப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓலைக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்னிடம்தான் கையெழுத்துக்கு வருவார்கள். "இவர்கள் எமது அன்பியத்தில் முறையாகப் பங்கெடுக்கும் குடும்பத்தினர்" என்று தாளில் அச்சடித்திருக்கும். அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பொய்சாட்சி இல்லையா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் மாதாமாதம் கூடியதால் எங்களுக்கு அத்துப்படி. படகு வந்ததும் நேராக அந்த வீடுகளுக்குத்தான் அனுப்பினோம். அன்பியத்துக்கே வராத ஒரு குடும்பம் ரெண்டு நாள் மொட்டை மாடியில் பட்டினி கிடந்திருக்கிறது. அப்படி ஒரு குடும்பம் அங்கே இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. அட்டை தண்டனைக்காக இல்லை தம்பி. ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வைப்பதற்காக.

நைட்ஷிப்ட் | ஞாயிறு, அதிகாலை 3.20

அக்கா, நீங்கள் சொல்லும் அந்தக் குடும்பம் மாதிரிதான் நானும். நான் வேறு பங்கு, ஆனால் கதை அதேதான்.

இந்தப் பங்குக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. அன்பியக் கூட்டம் சனி மாலை 7 மணிக்கு. நான் ஆபீஸ் வண்டி ஏறுவது 6.30க்கு. என் மனைவி கைக்குழந்தையோடு ஒருமுறை போனாள். எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், இவளிடம் "எந்த ஊரு?" என்று கேட்டதோடு சரி. பூசை முடிவில் "ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவிப்பார்கள். யாரிடம் கொடுப்பது? ஒருமுறை சக்ரீஸ்து (குருவானவர் பூசை உடை மாற்றும் அறை) வாசலில் நின்று ஓர் அண்ணனிடம் என் எண்ணை எழுதிக்கொடுத்தேன். கம்ப்யூட்டர் வேலை, கணக்கு, எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். இரண்டு வருடமாகிறது, யாரும் கூப்பிடவில்லை.

இப்போது அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தால் நான் ஆறு சனிக்கிழமை சம்பளத்தை விட்டுவிட்டு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வேன். என் மகளுக்கு முதல் நன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது) வேண்டுமே, நாளை அதற்கும் அட்டை கேட்டால்? ஆனால் அந்த ஆறு நாளும் மனதில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

செபமாலைஅக்கா | ஞாயிறு, காலை 6.02

தம்பி, உங்கள் மனைவியிடம் அப்படி நடந்துகொண்டது தப்பு. உங்களைக் கூப்பிடாததும் தப்பு. மறுக்கவில்லை. ஆனால் உங்களைப் போல எண்ணை எழுதிக்கொடுத்தவர் நூற்றில் ஒருவர். மற்றவர்கள் வீட்டுக் கதவை நான் தட்டியிருக்கிறேன். உள்ளே டிவி ஓடும், சத்தத்தைக் குறைத்துவிட்டு யாரும் இல்லாத மாதிரி இருப்பார்கள். ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, லூக்கா 14:23, வழியோரங்களுக்குப் போய் மக்களை வற்புறுத்திக் கூட்டிவா என்று.

கடற்கரைக்காரன் | ஞாயிறு, காலை 8.15

பிள்ளே, அது விருந்து வீடு. இலை போட்டு, சோறு ஆக்கி வச்சுட்டு வா வான்னு கையப் புடிச்சு இழுக்கான் வீட்டுக்காரன். வராதவன் வீட்டுக் கல்யாணத்த நிப்பாட்டுவேன்னு அவன் சொல்லல.

நான் குமரிக் கடற்கரை. எங்க அப்பா காலத்துல கட்டாயம்னா என்னன்னு பாத்தவன். கட்டுமரத்துல போயி புடிச்ச மீன்ல கோயிலுக்குத் தெறிப்பு, அதாவது வரி, உண்டு. கொடுக்காம கரையேற முடியாது. அந்தக் காசுலதான் கோபுரம் எழும்பிச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, எல்லாம் உண்மை. ஆனா ஊர்க்கமிட்டி சொன்னதக் கேக்காதவன ஊர்விலக்கு வச்சு, வீட்டுல சாவு விழுந்தாலும் ஆள் போகாத கொடுமையையும் பாத்துருக்கேன். அப்படி ஒதுக்கி வச்ச குடும்பத்துப் பிள்ளைக பிறகு கோயில் வாசலே மிதிக்கல. இன்னைக்கும் மிதிக்கல.

இன்னொன்னு சொல்லணும். 1542ல மறைபரப்ப பிரான்சிஸ் சவேரியார் எங்க கரைக்கு வந்தாரு. அவரால எல்லா ஊர்லயும் இருக்க முடியுமா? ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளைய வச்சாரு. குருவானவர் இல்ல, ஊர்க்காரன்தான். செபம் சொல்லிக் குடுக்க, பிள்ளைகளக் கூட்ட, சாகப்போற பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்க எல்லாம் அவன்தான். எங்க பாட்டி காலத்துலயும் உபதேசியாருதான் (அந்தக் கணக்கப்பிள்ளை மாதிரி ஆளு) முன்னால நின்னு செபமாலை சொல்லுவாரு, அடக்கத்துக்கும் முன்னால நடப்பாரு. சாமியாரு வராத நாள்லயும் கோயில் நடந்துச்சு, நம்ம செய்யலன்னா வேற யாரு செய்வான்னு சனத்துக்குத் தெரிஞ்சதால. இப்ப மைக்குல இருந்து மாலை வரைக்கும் ஃபாதர் சொன்னாத்தான் நடக்குது. நாம செய்யாட்டாலும் நடந்துரும்னு சனம் நினைக்கி. கேக்குற செயலரு தம்பி, உங்க பங்குல ஃபாதரக் கேக்காம சனம் முடிவெடுத்துச் செய்யுற ஒரு காரியம் சொல்லுங்க பாப்போம்.

பேரவைச்செயலர் | ஞாயிறு, பகல் 1.30

ஐயா, பூசைக்குப் போய் வந்ததிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் குடில் போட்டி ஒன்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அக்கா சொன்னதை என்னால் தள்ள முடியவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பொதுக்கூட்டம்) தந்த திருவழிபாட்டு ஏட்டில், எண் 14இல், மக்கள் முழுமையாக, உணர்ந்து, செயலாற்றிப் பங்கெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அது திருமுழுக்கால் வந்த உரிமை, கடமை என்கிறது. நாம் உரிமை உரிமை என்று மட்டும் பேசினால் கடமையை யார் சொல்வது? சாவி கொடுத்துவிட்டுப் போன இருவருக்கும் உரிமை இல்லையா, ஓய்வெடுக்க?

சேகரத்துப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 3.45

நான் திருநெல்வேலிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட்). குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும்.

எங்கள் சேகரத்தில் (உங்கள் பங்கு மாதிரி) சந்தா பாக்கி வைத்தால் வாக்காளர் பட்டியலில் பேர் இராது. அதனால் தேர்தல் வருடத்தில் பாக்கியெல்லாம் ஒரே வாரத்தில் வசூலாகும். ஆராதனையிலும் புது முகங்கள் தெரியும். தேர்தல் முடிந்ததும் பழையபடி. கட்டாயத்துக்கு எங்களிடம் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

ஆனால் அசனத்தை, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சமைத்துச் சாப்பிடும் விருந்தைப் பாருங்கள். முதல் நாள் ராத்திரி கோயில் வளாகத்தில் காய் நறுக்க ஊரே உட்கார்ந்திருக்கும். சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் லீவு போட்டு வருவார்கள். ஆராதனைக்கே வராத என் சித்தப்பா விடிய விடிய அண்டா பக்கத்தில் நின்று கிண்டுவார். யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. அவர் கைக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது, "சித்தப்பா இல்லாம சாம்பார் ஆகாது" என்று நாலு பேர் சொல்கிறார்கள். இப்போது இரண்டு வருடமாக ஆராதனைக்கும் வருகிறார், பின் வரிசையில்.

சட்டம்படித்தவன் | ஞாயிறு, மாலை 5.10

செயலர் சார், எண் 14ஐ முழுசாகப் படியுங்கள். கடமை மக்களுக்கு என்றால், அவர்களை அதற்கு உருவாக்கும் கடமை மேய்ப்பர்களுக்கு. உடனே அதையும் சொல்கிறது. அட்டை அந்த இரண்டாவது பாதியைச் செய்யாது. 1964இல் அதே சங்கம் தந்த திருச்சபை பற்றிய ஏட்டில் எண் 37, பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) தங்கள் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு, சிலசமயம் கடமையும் உண்டு என்கிறது. உங்கள் பேரவை கடைசியாக எப்போது வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் படித்தது? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கணக்குக் காட்டாத இடத்தில் மக்கள் காணிக்கை போடுவார்கள், கை கொடுக்க மாட்டார்கள்.

அக்கா, உங்கள் கையெழுத்துப் பிரச்சினை நியாயமானது. பொய் எழுத வேண்டாம். கடிதம் கேட்டு வரும் நாளில் அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். கண்டதை எழுதுங்கள்.

கீழத்தெரு | ஞாயிறு, இரவு 9.00

ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன். எழுதலாமா வேணாமான்னு இருந்தது.

எங்க தெருவுல அட்டை வச்சா எல்லாருக்கும் பன்னிரண்டு கையெழுத்து விழும். ஒரு கூட்டம் விட்டதில்ல. தவக்காலத்துல சிலுவைப்பாதைக்கு எங்க சனம்தான் அதிகம். கோயில் கழுவ, குழி வெட்ட, பந்தக்கால் நட எங்களத்தான் கூப்பிடுவாங்க. ஆனா என் அக்கா எம்.ஏ. தமிழ் படிச்சவ. பதினோரு வருஷத்துல ஒரு ஞாயிறு கூட பூசையில முதல் வாசகம் (பைபிள் பகுதி) வாசிக்க அவளக் கூப்பிட்டதில்ல. அன்பியங்கள சேர்த்து கூட்டம் எங்க தெருவுல வச்சா மத்த தெருக்காரங்களுக்கு அன்னைக்குப் பார்த்து வேலை வந்துடும். ஒருத்தர் ரெண்டு பேர் வந்தாலும் எங்க வீட்டுத் தேத்தண்ணி அப்படியே ஆறிக்கெடக்கும்.

மக்கள் பங்கெடுக்கலன்னு எழுதியிருக்கீங்க. யார் எதுல பங்கெடுக்கலாம்னு முன்னாடியே பிரிச்சு வச்சிட்டு, அப்புறம் வரலன்னு அட்டை போடுறது எப்படி சரி? தேவசகாயம் பிள்ளை பொதுநிலையினர். 1745ல திருமுழுக்கு வாங்கி, 1752ல சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாக்காம எல்லாரோடயும் பழகினது அவர் மேல சொன்ன குத்தத்துல ஒண்ணு. 2022ல புனிதர் பட்டம் குடுத்தப்போ எல்லாப் பங்குலயும் படம் வச்சாங்க. எங்க கோயில்லயும் வச்சிருக்காங்க.

செபமாலைஅக்கா | ஞாயிறு, இரவு 9.48

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் அன்பியத்தில் அப்படி இல்லை என்று எழுத வந்தேன். பிறகு, ஒற்றை அறை வாடகை வீட்டுக்காரர்கள் மூன்று குடும்பம் கூட்டம் வைக்க முறை வரும்போதெல்லாம் "அடுத்த மாசம் அக்கா" என்பது ஞாபகம் வந்தது. நாங்கள் போண்டாவில் ஆரம்பித்து இப்போது பிரியாணி வரை வந்துவிட்டோம். அவர்களால் முடியாது. இதுவரை அதை அக்கறையில்லாமை என்றுதான் நினைத்திருந்தேன்.

தேநீர் மட்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அட்டை வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இல்லாமல் அன்பு மட்டும் வைத்து 14 வருடம் ஓட்டிய களைப்பு எனக்குத்தான் தெரியும்.

பேரவைச்செயலர் | திங்கள், இரவு 11.20

கீழத்தெரு தம்பி எழுதியதைப் படித்ததும் அலுவலக அலமாரியிலிருந்து வாசகப் பட்டியல் நோட்டை எடுத்தேன். ஒரு வருடம், இரண்டு பூசை, பூசைக்கு இரண்டு வாசகம், ஆகமொத்தம் 208. பேர் பேராக எண்ணினேன். 208 வாசகத்தையும் வாசித்தது 11 குடும்பங்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏழு அன்பியங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒருவர் பேர் கூட இல்லை. பட்டியலைப் போட்டது நான்தான். வேண்டுமென்று விடவில்லை, ஆனால் அது யாரை என்ன ஆறுதல்படுத்தும்?

தீர்மானத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன். பேரவைக்கு அதற்குப் பதிலாக இந்த நோட்டைக் கொண்டுபோகிறேன். கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பற்றியும் பேசப்போகிறேன். அதற்கு எதிர்ப்பு வரும், தெரியும்.

நைட்ஷிப்ட் தம்பி, ஒரு கேள்வி. இரவு வேலைக்காரர்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும்?

நைட்ஷிப்ட் | செவ்வாய், அதிகாலை 4.05

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், அண்ணே. முக்கால் மணி நேரம், கோயில் வளாகத்திலேயே. தூக்கம் வந்தாலும் இருப்போம். குழந்தைகளுக்கு ஒரு பாய் விரித்து வைக்கச் சொல்லுங்கள்.