மேற்கு பார்த்த கடைக்கு வளைஞ்ச கண்ணாடியா, பூசாத செங்கலா?

காட்பாடிவாசி:
காட்பாடியில மேற்கு பார்த்த மனை, 20க்கு 40 அடி. கீழே கடை, மேலே ஆபீஸ். டிசைன் போடுறவர், வளைவுக் கட்டடங்களுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் ஜாஹா ஹதீத் பாணியில வளைஞ்ச கண்ணாடி முகப்பு வைக்கலாம்ங்கறார். அப்பா, கேரளாவுல சிக்கனமா செங்கல் வீடு கட்டின ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் மாதிரி பூசாத செங்கலே போதும்ங்கறார். ஹதீத், பேக்கர் ரெண்டு பேரையும் தலையில தூக்கி வச்சு ஆடுறவங்களும் உண்டு, கழுவி ஊத்துறவங்களும் உண்டு. வேலூர் வெயிலுக்கு எது சரி?

முகப்புப்பித்தன்:
முதல்ல ஒண்ணு, ஹதீத்துன்னா கண்ணாடின்னு யார் சொன்னது? அஜர்பைஜான் தலைநகர் பாகுவுல 2012ல திறந்த, அவங்க வடிவமைச்ச ஹெய்தர் அலியெவ் மையத்தோட வெள்ளை வளைவெல்லாம் கண்ணாடி இழை கலந்த கான்கிரீட், பாலியஸ்டர் பலகைங்க.

வளைவு உள்பக்கமா குழிஞ்சா வம்பு. லண்டன்ல ஆர்க்கிடெக்ட் ரஃபேல் வின்யோலியோட ‘20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்’ங்கற கண்ணாடிக் கட்டடம் 2013ல வெயிலைக் குவிச்சு, கீழே நின்ன ஜாகுவார் காரோட பாகங்களை உருக்கிடுச்சு. அப்புறம்தான் வெயில்தடுப்புப் பட்டை மாட்டினாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் கெரியோட டிஸ்னி கான்சர்ட் ஹால்லயும் பளபளப்பா விட்ட ஸ்டீல் தகடு எதிர்வீடுகளைச் சுட்டுச்சு. 2005ல தேய்ச்சு மங்கலாக்கினாங்க. அதே ஹாலோட ஒலியமைப்பை இன்னைக்கும் கொண்டாடுறாங்க. அதனால திட்டுறவங்க, புகழுறவங்க ரெண்டு பேர் பேச்சும் பொய்யில்ல.

உங்களுக்கு மேற்கு. ரெண்டடி சஜ்ஜா (ஜன்னல் மேல நீட்டுற ஸ்லாப்) சாயங்காலம் 4 மணி வெயிலைத் தடுக்காது, சாய்வா உள்ளே வந்துடும். கண்ணாடிதான் வேணும்னா அதுக்கு வெளியே ரெண்டடி தள்ளி ஜாலியோ (ஓட்டை விட்டுக் கட்டுற சுவர்) செங்குத்துப் பட்டையோ கட்டுங்க. உள்ளே திரை போட்டுப் புண்ணியமில்ல, சூடு ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு.

கொத்துக்கரண்டி:
கீழே முழுக்க ஷட்டர்னா தூண், பீம் கட்டாயம். தூணுக்கு இடைப்பட்ட சுவரை பேக்கர் பழக்கப்படுத்தின ரேட் ட்ராப் கட்டுல, அதாவது நடுவுல பொந்து விட்டு, எழுப்பலாம். 9×4½×3 அங்குலக் கல்லைக் குத்துவாட்டமா நிறுத்தணும்: முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, நடுவுல 3 அங்குலம் காலி, மொத்தம் 9 அங்குலச் சுவர். கல்லு கால்வாசி மிச்சம். அந்தக் காத்துதான் சூட்டைத் தாமதப்படுத்துது.

கெடுறது எங்கேன்னா, கலவை பொந்துக்குள்ள விழுந்து ரெண்டு முகத்தையும் சேர்த்துடும். ஒவ்வொரு வரிக்கும் பொந்து மேல பட்டைப் பலகை வச்சுக் கலவை போடச் சொல்லுங்க. மூலை, கதவு ஓரம், ஜன்னல் அடி, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல போற கான்கிரீட் பட்டை) அடி எல்லாம் பொந்து இல்லாத கெட்டிக்கட்டு. வயரிங் பைப்பைக் கட்டும்போதே விடணும்; அப்புறம் காடி வெட்டினா 3 அங்குலக் கல்லு உடையும். நாட்டுக்கல்லு கோணல், சூளைச் சேம்பர்ல சுட்ட சேம்பர் கல்லு எடுங்க.

ஆற்காட்டான்:
பேக்கர் ரசிகர்கள் ஒண்ணைச் சொல்ல மாட்டாங்க. நம்ம பக்கம் பல போர்வெல்ல உப்புத் தண்ணி. அதுல கலவை போட்டா பூசாத சுவர் முழுக்க வெள்ளையா உப்பு பூக்கும். நல்ல தண்ணி லாரி சொல்லுங்க. ஜாலியில மெயின் ரோட்டுத் தூசி அடையும், கொசு வரும். உள்பக்கம் கழட்டி மாட்டுற வலைச் சட்டம் வேணும்.

காட்பாடிவாசி:
வடக்குப் பக்கம் காலி மனை இருக்கு. அங்க பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கலாமா?

முகப்புப்பித்தன்:
வைங்க, ஆனா சஜ்ஜாவோட. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ‘வடக்கு வெளிச்சத்துக்கு நிழல் வேண்டாம்’னு வரைஞ்சா மே மாசம் மாட்டிப்பீங்க. அங்க உச்சி வெயில்ங்கறதால ரெண்டடியே போதும். பக்கத்து மனைக்காரர் கட்டினா என்ன ஆகும்னும் பாருங்க, செட்பேக் (எல்லையிலிருந்து விடுற காலி இடம்) விடாம வைக்காதீங்க.